சுட்டிழந்த தாள்கள்
எதிர்ப்பண்பாட்டு உதிரி அச்சுகளின் சேகரிப்பு: ஒரு மொழியியல் திறனாய்வு

1. முன்னுரை

1960களின் இடைப்பகுதியில் அமெரிக்காவின் மேற்குக் கரை நகரங்களிலும், 1968 மே, ஜூன் மாதங்களில் பாரிசிலும் அச்சாகித் தெருவில் உலவிய சுவரொட்டிகள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள், புகைப்படங்கள் ஆகியவற்றுள் ஒரு பகுதி இன்று அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழக நூலகங்களிலும் தனியார் பேழைகளிலும் பாதுகாக்கப்படுகின்றது. ஒரு வாரம் சுவரிலிருந்து மழையில் கரைய வேண்டிய தாள்கள் அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றன. இவை பற்றிய நூல்களுக்கும் பட்டியல்களுக்கும் குறைவில்லை. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை ஓவிய வரலாறு, சமூக வரலாறு, சந்தை விலை ஆகிய மூன்றனுள் ஒன்றைத் தம் நோக்காகக் கொண்டவை. இத்தாள்கள் மொழிச் செயல்கள் என்பதும், ஒருவர் மற்றவரை நோக்கி ஓரிடத்தில் ஒரு பொழுதில் நிகழ்த்திய கூற்றுகள் என்பதும் போதிய கவனம் பெறவில்லை.

இத்தாள்களைச் சேகரித்த முறைகள் கூற்றை எந்த அளவு காத்தன, எந்த அளவு வாக்கியத்தை மட்டும் காத்துக் கூற்றைக் கைவிட்டன என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி முதன்மைக் களமாகவும், பாரிஸ் ஒப்பீட்டுக் களமாகவும் கொள்ளப்படுகின்றன. எதிர்ப்பண்பாடு என்னும் கலைச்சொல் தியடோர் ரோசாக் 1969இல் வெளியிட்ட நூலின் வழியாகவே பரவலான வழக்குக்கு வந்தது. நிலவும் பண்பாட்டின் மதிப்பீடுகளை மறுத்து, மாற்று வாழ்முறையை வாழ்ந்து காட்ட முயன்ற இளைஞர் இயக்கங்களை அச்சொல் குறிக்கின்றது. அக்காலத்து அரசியல் எதிர்ப்பியக்கங்களின் தாள்களும் பெரும்பாலும் அதே பேழைகளில் சேர்ந்துள்ளமையால் அவையும் இங்கு உடன் ஆராயப்படுகின்றன.

2. உதிரி அச்சும் கூற்றும்

2.1 ஆங்கிலத்தில் இவ்வகைத் தாள்களைக் குறிக்கும் எபிமெரா என்னும் சொல் கிரேக்க மூலமுடையது. ஒரு நாளுக்கு உரியது என்பது அதன் பொருள். ஒரு நாள் வாழும் பூச்சியினத்தையும் அச்சொல் குறித்தது. நம் வழக்கில் ஈசல் நினைவூட்டும் நிலையாமையை ஒத்தது இது. இக்கட்டுரையில் உதிரி அச்சு என்னும் தொடர் இப்பொருளில் ஆளப்படுகின்றது. பிரிட்டனில் மொரீஸ் ரிக்கர்ட்ஸ் 1975இல் இதற்கெனவே ஒரு சங்கத்தை நிறுவிய பின்னரே உதிரி அச்சு தனி ஆய்வுப் பொருளாக ஏற்கப்படலாயிற்று.

2.2 வாக்கியம் மொழியமைப்பின் அலகு. கூற்று, அவ்வாக்கியம் ஒருவரால் ஒருவரிடம் ஓரிடத்தில் ஒரு பொழுதில் ஆளப்பட்ட நிகழ்ச்சி. "இன்று மாலை இங்கே கூடுவோம்" என்னும் வாக்கியம் தமிழறிந்த எவர்க்கும் விளங்கும். ஆனால் எந்த நாள், எந்த இடம், யார் கூடுவது என்பன கூற்று நிகழ்ந்த சூழலை அறிந்தாலன்றி விளங்கா. தொல்காப்பியம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு என வகுத்தது. சுட்டு தானே ஒரு பொருளைப் பெயரிடுவதில்லை. பேசுவோன் நின்ற இடத்திலிருந்து ஒன்றைக் காட்டுகின்றது. யாக்கப்சன் 1957இலும் பென்வெனிஸ்த் 1958இலும் இடப்பெயர், காலக்குறிப்பு முதலியவற்றைப் பேசுவோனோடு பொருள் மாறும் கூறுகளாக விளக்கியதும் இக்கருத்தின் விரிவே எனலாம்.

2.3 நூல் தன் சூழலைத் தன்னுள் கொண்டு செல்ல முயல்கின்றது. அதற்கு முன்னுரை உண்டு; அச்சிட்ட இடமும் ஆண்டும் உண்டு. சுவரொட்டிக்கு இவை வேண்டியதில்லை. அது ஒட்டப்பட்ட சுவரே அதன் 'இங்கே'. படிப்பவன் நிற்கும் பொழுதே அதன் 'இன்று'. ஆகவே உதிரி அச்சின் பொருளில் ஒரு பாதி தாளில் இருக்கின்றது. மறுபாதி தாளுக்கு வெளியே இருக்கின்றது. தாளை மட்டும் எடுத்துச் செல்பவர் அந்த மறுபாதியைச் சுவரிலேயே விட்டுச் செல்கின்றார்.

இந்த உண்மை தமிழாய்வாளர்க்குப் புதியதன்று. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையைப் புரட்டுவோர், ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் அது எந்தக் கோயிலின் எந்தச் சுவரில் உள்ளது என்னும் குறிப்பைக் காண்பர். கல்வெட்டாய்வு இருப்பிடக் குறிப்பைப் பாடத்தின் உறுப்பாகவே கருதுகின்றது. திருப்பணியின்போது இடம் மாறிய கற்களால் நேர்ந்த இழப்பை அத்துறையினர் நன்கறிவர். கல்லுக்கு நாம் அளித்த மதிப்பைத் தாளுக்கும் அளிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை வற்புறுத்துவது.

2.4 இடம் எவ்வளவு பொருளுடையது என்பதற்கு 1964ஆம் ஆண்டுப் பெர்க்லி நிகழ்ச்சி தக்க சான்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வாயிலருகே, பான்கிராஃப்ட், டெலகிராஃப் தெருக்கள் சந்திக்குமிடத்தில் ஒரு குறுகிய நடைபாதைப் பகுதி இருந்தது. மாணவர் அங்கு மேசையிட்டு அரசியல் துண்டறிக்கைகளை வழங்கி வந்தனர். அப்பகுதி நகருக்கு உரியதெனப் பொதுவாகக் கருதப்பட்டது. அது பல்கலைக்கழக நிலமே என்றும், அங்கு அரசியல் பணி கூடாது என்றும் நிருவாகம் செப்டம்பர் மாதம் அறிவித்ததிலிருந்தே பேச்சுரிமை இயக்கம் கிளர்ந்தது. துண்டறிக்கையின் வாசகம் மாறவில்லை. அது எந்தக் கல்லின்மேல் நின்று கொடுக்கப்பட்டது என்பதே வழக்காயிற்று. அவ்வாரத்துத் துண்டறிக்கை ஒன்று இன்று பேழையில் கிடைக்குமாயின், அது கைமாறிய இடத்தைக் குறிக்காத விவரிப்பு அதன் வரலாற்றுப் பொருளையே விட்டதாகும்.

3. மூவகைச் சான்றுகள்

3.1 நடன அரங்கச் சுவரொட்டிகள்

1966 முதல் சான்பிரான்சிஸ்கோவின் அவலான் அரங்கில் செட் ஹெல்ம்ஸ் நடத்திய ஃபேமிலி டாக் குழுவும், ஃபில்மோர் அரங்கில் பில் கிரகாமும் வாரந்தோறும் இசை நடன நிகழ்ச்சிகளை நடத்தினர். வெஸ் வில்சன், ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி, ரிக் கிரிஃபின், விக்டர் மாஸ்கோசோ ஆகியோர் அவற்றிற்கு வரைந்த சுவரொட்டிகளே இத்துறையில் மிகுதியாகச் சேகரிக்கப்படுபவை. 1967 ஜூலை மாதத்திலேயே இவ்வைவரின் ஆக்கங்கள் நகரின் மூர் ஓவியக்கூடத்தில் காட்சிக்கு வந்தன. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளிட்ட 'லைஃப்' இதழின் அட்டை சுவரொட்டி மோகத்தைப் பொருளாகக் கொண்டது. விளக்குக் கம்பத்திலிருந்து ஓவியக்கூடத்திற்குச் செல்ல இத்தாள்களுக்கு ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலமே தேவைப்பட்டது.

இவற்றின் எழுத்துருக்கள் மொழியியலார்க்குச் சுவையானவை. வில்சன், வியன்னாவின் ஆல்ஃபிரெட் ரோலர் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வரைந்த எழுத்து முறையைத் தழுவினார். யேல் பல்கலைக்கழகத்தில் யோசெப் ஆல்பர்சிடம் நிறக்கோட்பாடு பயின்ற மாஸ்கோசோ, கண்ணை உறுத்தும் எதிர்நிறங்களை அருகருகே வைத்தார். விளம்பரம் விரைவில் படிக்கப்பட வேண்டும் என்னும் பொதுவிதிக்கு மாறாக இவை படிப்பைத் தாமதப்படுத்தின. நின்று, தலைசாய்த்து, எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பொறுமையுள்ளவரே அழைக்கப்பட்டவர் ஆயினர். மற்றவர்க்கு அது வண்ணக் கோலமாகவே கடந்து சென்றது. எழுத்துருவே முன்னிலையாரைத் தெரிந்தெடுக்கும் கருவியாகிவிட்ட நிலை இது. ஒரு குழுஉக்குறி செய்யும் பணியை இங்கு எழுத்தின் வடிவம் செய்கின்றது.

ஆயின் சேகரிப்பு நூல்கள் இவற்றை எங்ஙனம் குறிக்கின்றன? 1966 செப்டம்பர் 16, 17 ஆகிய நாள்களின் அவலான் நிகழ்ச்சிக்கு மவுசும் கெல்லியும் அமைத்த சுவரொட்டி, எட்மண்ட் சல்லிவன் உமர் கய்யாமின் ருபாயியத் பதிப்புக்கு வரைந்த எலும்புக்கூட்டு ஓவியத்தை எடுத்தாண்டது. இன்று அது "எலும்புக்கூடும் ரோசாவும்" என்றும், ஃபேமிலி டாக் வரிசையின் 26ஆம் எண் என்றும் அறியப்படுகின்றது. படம் பெயராயிற்று, எண் முகவரியாயிற்று. இவ்வரிசைச் சுவரொட்டிகள் பலவற்றின் அடியில் நுழைவுச்சீட்டு கிடைக்கும் கடைகளின் பட்டியல் சிறிய எழுத்தில் காணப்படும். சிட்டி லைட்ஸ் புத்தகக் கடை, ஹெய்ட் தெருவில் 1966 சனவரியில் திறந்து 1967 அக்டோபரில் மூடப்பட்ட சைக்கடெலிக் ஷாப் போன்றவை அதில் இடம்பெற்றன. இப்பட்டியல் ஒரு மொழிச் சமூகத்தின் வரைபடம். இத்தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கெங்குப் புழங்கினர் என்பதைத் தெருவாரியாகக் காட்டுவது. படத்தொகுப்பு நூல்கள் சுவரொட்டியைச் சிறிதாக்கி வெளியிடும்போது முதலில் படிக்க இயலாது போவதும் இப்பட்டியலே.

3.2 துண்டறிக்கைகள்

1967 தொடக்கத்தில் செஸ்டர் ஆண்டர்சன், கிளாட் ஹேவர்ட் ஆகிய இருவரும் கம்யூனிகேஷன் கம்பெனி என்னும் பெயரில் ஜெஸ்டெட்னர் படிபெருக்கிகளைக் கொண்டு ஹெய்ட்-ஆஷ்பரிப் பகுதிக்கான தெரு அச்சகம் ஒன்றைத் தொடங்கினர். நம் நாட்டில் சைக்ளோஸ்டைல் தாள் என வழங்கியதன் உறவினம் என இதனைக் கொள்ளலாம். காலையில் கேட்ட செய்தி மாலைக்குள் தாளாகித் தெருவில் கைமாறியது. சமைத்த உணவையும் பொருள்களையும் விலையின்றி வழங்கிய டிக்கர்ஸ் குழுவினரின் அறிக்கைகளும் இவ்வழியே பரவின.

டிக்கர்ஸ் குழுவின் இலவச உணவு பற்றிய துண்டறிக்கை மொழியாட்சியில் குறிப்பிடத்தக்கது. ஆஷ்பரி தெருவருகிலுள்ள பான்ஹேண்டில் பூங்காவிற்குக் கிண்ணமும் கரண்டியும் கொண்டு வருமாறு அது அழைக்கின்றது. மாலை நான்கு மணி என்பதைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றது. உணவு உங்களுடையது, ஆதலின் விலையில்லை என்னும் கருத்தோடு முடிகின்றது. நன்கொடை அறிவிப்பின் வழக்கமான இலக்கணத்தில் கொடுப்போன் எழுவாய். பெறுவோன் நான்காம் வேற்றுமை ஏற்பவன். இத்தாள் கொடுப்போனை நீக்கிவிட்டுப் பெறுவோனை ஆறாம் வேற்றுமை உடைமையாளனாக மாற்றுகின்றது. உடைமை பற்றிய ஒரு கோட்பாடே வேற்றுமை உருபின் மாற்றத்தில் அடங்கியுள்ளது. இந்த முன்னிலைக்கு உரியவர் யார் என்பது தாளைக் கையில் வாங்கியவரைப் பொறுத்தது. வீட்டை விட்டு ஓடிவந்த பதினாறு வயதினரிடம் அது ஒரு பொருள் தந்திருக்கும். வேடிக்கை பார்க்கப் பேருந்தில் வந்த சுற்றுலாப் பயணியிடம் வேறு பொருள் தந்திருக்கும்.

1967 அக்டோபர் 6ஆம் நாள் நடைபெற்ற 'ஹிப்பியின் மரணம்' என்னும் நிகழ்ச்சிக்காக அச்சான இரங்கல் அறிவிப்பு மற்றொரு சான்று. செய்தி ஊடகங்களின் மகனாக ஹிப்பி என்பவனை உருவகித்து, அவன் இறுதிச் சடங்கிற்கு விடியற்காலையில் புவெனா விஸ்டா பூங்காவிற்கு வருமாறு அது நண்பர்களை அழைத்தது. கருமாதிப் பத்திரிகையின் மரபுத் தொடர்களை அறிந்தவரே இதன் அங்கதத்தை உணர்வர். தம்மைப் பிறர் அழைத்த பெயரைத் தாமே புதைத்த இச்செயல், பெயரிடும் உரிமை யாருக்கு என்னும் வினாவை எழுப்புகின்றது. சைக்கடெலிக் ஷாப் மூடப்பட்டதும் அந்நாளையொட்டியே என்பது தெரிந்தால், நுழைவுச்சீட்டுப் பட்டியலும் இரங்கல் அறிவிப்பும் ஒன்றையொன்று விளக்கும். படத்தொகுப்பில் ஒன்று ஓவியப் பக்கத்திலும் மற்றொன்று வேடிக்கைப் பக்கத்திலும் பிரிந்து கிடக்கும்போது இத்தொடர்பு புலப்படுவதில்லை.

3.3 புகைப்படங்கள்

புகைப்படம் தானும் சேகரிப்புப் பொருளே. அதே வேளையில், மற்றத் தாள்கள் இழந்த சுட்டை மீட்கும் சான்றும் அதுவே. கருஞ்சிறுத்தைக் கட்சியின் ஹியூயி நியூட்டன் பிரம்பு நாற்காலியில் அமர்ந்துள்ள சுவரொட்டி 1967க்குப் பின் பல்லாயிரம் சுவர்களில் இடம்பெற்றது. இன்று அது தனித்தாளாகப் பல பேழைகளில் உள்ளது. 1968 செப்டம்பர் 10 அன்று ஓக்லாந்தில், காவலர் இருவர் சுட்ட குண்டுகளால் சிதைந்த கட்சித் தலைமையகத்தின் சன்னலைப் பர்க்கிள் ஜோன்ஸ் படமெடுத்தார். நியூட்டன் மீதான கொலை வழக்கில் நடுவர் குழு தீர்ப்பளித்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன. அதே சுவரொட்டி, உடைந்த கண்ணாடிக்குப் பின்னால், குண்டு பாய்ந்த நிலையில் அப்படத்தில் காணப்படுகின்றது. கிழியாத படியில் அது ஒரு தலைவரின் தோற்றம். இப்படத்திலோ அது ஓர் உரையாடலின் ஒரு கூற்று. அதற்கு வந்த விடையும் தாளின்மேலேயே பதிந்துள்ளது. நாளும் இடமும் குறித்த ஒரே படம், குறிப்பற்ற நூறு படிகள் கூறாததைக் கூறிவிடுகின்றது.

4. நாமும் நாங்களும்

சூழல் குறிக்கப்படாமையின் விளைவைத் தமிழ் வழக்கைக் கொண்டு இன்னும் தெளிவாக உணரலாம். தமிழ், தன்மைப் பன்மையில் கேட்போரை உளப்படுத்தும் 'நாம்' என்பதையும் உளப்படுத்தாத 'நாங்கள்' என்பதையும் வேறுபடுத்துகின்றது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இவ்வேறுபாடு சொல்லில் இல்லை. சூழலே அதனைத் தருகின்றது.

பாரிசின் நுண்கலைக் கல்லூரியை ஆக்கிரமித்த மாணவரும் ஓவியரும் 1968 மே 14 முதல், காவல்துறை அவர்களை வெளியேற்றிய ஜூன் 27 வரை, மக்கள் பட்டறை என்னும் பெயரில் திரையச்சுச் சுவரொட்டிகளை வெளியிட்டனர். ஒவ்வொரு வரைவும் பொதுக்கூட்டத்தில் விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. எதிலும் தனி ஓவியர் கையொப்பமில்லை. தானியேல் கோன்-பென்டிட் பிரான்சுக்குள் மீண்டும் நுழைய அம்மே மாதத்தில் தடை விதிக்கப்பட்டபோது, அவருடைய முகத்தைத் தாங்கிய சுவரொட்டி ஒன்று, வேண்டப்படாதவர் என்னும் பழிச்சொல்லைத் தன்மைப் பன்மையோடு இணைத்துத் தமக்கே சூட்டிக்கொண்டது.

இதனைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் முதற்சொல்லிலேயே நின்றுவிடுவர். 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா? மாணவர் குடியிருப்பில் ஒட்டிய படியில் அது 'நாம்'. காவலர் வண்டிகள் நின்ற தெருமுனையில் அது 'நாங்கள்'. தொழிற்சாலை வாயிலில் ஒட்டப்பட்டிருப்பின், தொழிலாளர் தம்மை அதனுள் சேர்த்துக் கொள்வரா என்பதே அன்றைய அரசியலின் மையச் சிக்கல். மாணவரும் தொழிலாளரும் ஒரே 'நாம்' ஆக இயலுமா என்று அம்மாதம் முழுவதும் பாரிஸ் வாதிட்டது. அவ்வாதத்திற்கு விடை தாளில் இல்லை. அது ஒட்டப்பட்ட இடத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பாளர்க்கு வேண்டிய அந்த ஒரே குறிப்பைச் சுவரொட்டிப் பட்டியல்கள் பெரும்பாலும் தருவதில்லை. தலைப்பு, ஓவியர், அச்சகம், அச்சுமுறை, அளவு, ஆண்டு என்பனவே அவற்றின் வழக்கமான கூறுகள். இவை யாவும் ஓவியத்தை விவரிக்கப் போதுமானவை. கூற்றை விவரிக்கப் போதா.

5. சேகரிப்பு முறைகள்: மதிப்பீடு

5.1 முதலில் சந்தையின் அளவுகோலைக் காண்போம். நடன அரங்கச் சுவரொட்டிகளைச் சேகரிப்போர், நிகழ்ச்சிக்கு முன் அச்சான முதற்பதிப்பையும் பின்னர் விற்பனைக்கென அச்சான மறுபதிப்பையும் நுணுகிப் பிரிக்கின்றனர். தாளின் தன்மை, அளவு, வரிசை எண்ணின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு இதனைக் கண்டறியும் வழிகாட்டி நூல்களும் உள. அறிந்தோ அறியாமலோ அவர்கள் கூற்றுக்கு மதிப்பளிக்கின்றனர் எனலாம். நிகழ்ச்சிக்கு முன் அச்சான தாளின் அழைப்பு மெய்யானது. பின்னர் அச்சானது நினைவுப்பொருள். இவ்வளவில் இது பாராட்டத்தக்கது.

ஆனால் அதே சந்தை, ஊசித் துளையும் ஒட்டுநாடாக் கறையும் பசைத் தடமும் இல்லாத படிக்கே உயர்ந்த விலை தருகின்றது. துளையில்லாத சுவரொட்டி என்பது ஒட்டப்படாத சுவரொட்டி. அச்சகக் கட்டிலிருந்து நேரே பெட்டிக்குச் சென்று, ஒருவராலும் தெருவில் படிக்கப்படாத அப்படி, மொழியியல் நோக்கில் நிகழாத கூற்று. கம்பத்தில் நின்று, கிழிபட்டு, மேலே வேறொரு கையால் கிறுக்கப்பட்ட படியே பேசிய படி. அதுவோ பழுதுற்றது எனத் தள்ளப்படுகின்றது. அல்லது கறை நீக்கிச் சீர்செய்யப்படுகின்றது. பின்புறம் துணி ஒட்டிக் காக்கும் முறை தாளின் ஆயுளை நீட்டுவது மெய். ஆயின் பின்புறத்தில் இருந்திருக்கக்கூடிய முகவரி, தேதி, கைக்குறிப்பு அனைத்தையும் அது மூடிவிடுகின்றது. சந்தை காலத்தை மதிக்கின்றது. இடத்தையும் பயன்பாட்டையும் மதிப்பதில்லை.

5.2 இதற்கு நேர்மாறான முன்மாதிரி பதினேழாம் நூற்றாண்டிலேயே உண்டு. இலண்டன் புத்தக வணிகர் ஜார்ஜ் தாமசன் 1640 முதல் 1661 வரை, உள்நாட்டுப் போரையும் முடியாட்சி வீழ்ந்து மீண்டதையும் ஒட்டி வெளிவந்த சிறுநூல்களையும் ஒற்றைத் தாள்களையும் செய்தித்தாள்களையும் ஏறத்தாழ 22,000 என்னும் அளவில் திரட்டினார். பலவற்றின் முகப்பில் அவை தம் கைக்கு வந்த நாளைத் தம் கையால் குறித்தார். இன்று பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள அத்தொகுதி அக்கால வாதங்களை நாள்வாரியாகத் தொடர உதவுவதற்கு அந்தச் சில மைக்கோடுகளே காரணம். வாங்குவோர் கண்ணில் தாளைக் கெடுத்த அக்குறிப்பு, ஆய்வாளர் கண்ணில் தாளை நிறைவு செய்தது.

5.3 பாரிஸ் ஆவணங்களைப் பொறுத்தவரை, அலேன் ஷ்னாப், பியேர் விதால்-நாக்கே ஆகிய இருவரும் 1969இல் வெளியிட்ட மாணவர் இயக்க ஆவணத் தொகுப்பு குறிப்பிடத்தக்கது. ஒருவர் தொல்லியல் அறிஞர். மற்றவர் பண்டைய கிரேக்க வரலாற்றறிஞர். சிதைந்த சான்றுகளோடு பழகியவர்கள், தம் தெருவில் நேற்று வீசப்பட்ட தாளையும் அதே கண்கொண்டு நோக்கினர் எனலாம். 1967 நவம்பர் முதல் 1968 ஜூன் வரையிலான தாள்கள் எந்தக் குழுவின் எந்த வாதத்திற்கு விடையாயின என்பதைத் தொடர்ச்சியாகக் காண அத்தொகுப்பு வழிசெய்கின்றது. மே 1968 துண்டறிக்கைகளின் சொல்லாட்சியை, அவற்றை வெளியிட்ட குழுக்களின்படி வகுத்துக் கணக்கிட்டு, மொரீஸ் தூர்னியே உள்ளிட்ட குழுவினர் 1975இல் வெளியிட்ட ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. யார் வெளியிட்டது என்னும் குறிப்பின்றி அத்தகைய ஆய்வு ஒருவராலும் இயலாது. சேகரிப்பவரின் ஒரு வரிக் குறிப்பு, பின்வரும் மொழியியலாரின் ஒரு முழு ஆய்வுக்கு அடிப்படையாகின்றது.

5.4 கலிபோர்னியாவில் மைக்கேல் ராஸ்மனின் தொகுப்பு தனி இடம் பெறுகின்றது. 1964ஆம் ஆண்டுப் பேச்சுரிமை இயக்கத்தில் பங்கு கொண்டவராகிய அவர் 1977 முதல் அரசியல் சுவரொட்டிகளைத் திரட்டலானார். அவர் 2008இல் மறைந்தார். ஏறத்தாழ 24,500 சுவரொட்டிகள் கொண்ட தொகுப்பு 2010இல் ஓக்லாந்து அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 2012இல் அங்குக் காட்சிக்கு வந்தது. லிங்கன் குஷிங் அதனைப் படமெடுத்துப் பட்டியலிட்டார். ஓவியச் சிறப்பு நோக்கித் தெரிந்தெடுக்காமல், புகழ்பெற்ற ஓவியமும் அவசரத்தில் எழுதிய கூட்ட அறிவிப்பும் ஒருங்கே இடம்பெறுமாறு அமைந்தமையே இத்தொகுப்பின் சிறப்பு. கூட்ட அறிவிப்பு நீக்கப்பட்டால் ஓவியச் சுவரொட்டி எதனோடு போட்டியிட்டுக் கண்ணைக் கவர்ந்தது என்பது தெரியாது போகும். ஆனால் ஒரு தொகுப்பு எவ்வளவு பெரிதாகின்றதோ அவ்வளவுக்கு அதிலுள்ள தாள்களின் தனி வரலாறு தொகுத்தவர் நினைவையே சார்ந்து நிற்கும். அந்நினைவை அவர் வாழுங்காலத்தில் எழுத்தாக்குவது சேகரிப்பின் ஒரு பகுதியாகக் கொள்ளப்பட வேண்டும்.

6. ஒரு மறுப்பும் விடையும்

இத்தகைய தாள்களைச் சேகரிப்பதே தவறு என்னும் வாதமும் உண்டு. மக்கள் பட்டறையினரே இதனை முன்வைத்தனர். தம் சுவரொட்டிகளுக்கு உரிய இடம் போராட்டக் களமாகிய தெருவும் தொழிற்சாலைச் சுவருமே என்றும், அலங்காரப் பொருளாகவோ அழகியல் பொருளாகவோ அவற்றை வைப்பது அவற்றின் பணியைக் கெடுப்பதாகும் என்றும் அவர்கள் அறிவித்தனர். இக்கூற்று நம் மொழியியல் நோக்கிற்கு மிக நெருக்கமானது. சுட்டை இழந்த கூற்று கூற்றன்று என்றே அவர்கள் சொல்லினர் எனக் கொள்ளலாம். ஆயினும் அவ்வறிவிப்பை நாம் இன்று அறிவது அவர்களே தம் ஆக்கங்களைத் தொகுத்து வெளியிட்ட படநூலின் வழியாகத்தான். தாள்கள் முற்றும் அழிய விடப்பட்டிருப்பின் எஞ்சியிருக்கக்கூடியவை நாளிதழ்ச் செய்திகளும் காவல்துறைக் கோப்புகளும் மட்டுமே. காவல்துறை ஒரு தாளைக் கைப்பற்றும்போது இடத்தையும் நேரத்தையும் தவறாமல் குறிக்கின்றது. எதிர்த்தரப்பு காட்டும் இந்தக் கவனத்தை அன்போடு சேகரிப்பவர் காட்டத் தவறினால், இயக்கத்தின் சொல் இயக்கத்தை ஒடுக்கியவர் கோப்பிலேயே முழுமையாக எஞ்சும்.

இத்தாள்களை ஓவியமாகக் காண்பது தவறென்றும் இக்கட்டுரை கூறவில்லை. வில்சனின் எழுத்தும் மாஸ்கோசோவின் நிறமும் ஓவிய வரலாற்றில் உரிய இடம் பெறத்தக்கவையே. அந்நோக்கு ஒன்றே விவரிப்பு முறையைத் தீர்மானிக்கும்போது மற்ற நோக்குகளுக்கான சான்று மீட்க முடியாதபடி அழிகின்றது என்பதே இங்குச் சொல்லப்படுவது.

7. விவரிப்பில் இடம்பெற வேண்டியவை

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில், உதிரி அச்சின் விவரிப்பில் வழக்கமான கூறுகளோடு பின்வருவனவும் சேர்க்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைக்கலாம்.

அ) கிடைத்த இடம்: சுவர், கம்பம், கை, அஞ்சல், அச்சகக் கட்டு என்பவற்றுள் எது என்பதும், தெருவின் பெயரும்.
ஆ) கிடைத்த நாள்: அச்சில் உள்ள நாளினின்று வேறாக.
இ) பயன்பாட்டுத் தடங்கள்: துளை, பசை, மடிப்பு, கிறுக்கல். இவை பழுதுகளாகவன்றிப் பாடத்தின் பகுதிகளாகக் குறிக்கப்பட வேண்டும்.
ஈ) பின்புறமும் ஓரமும்: தொழிற்சங்க அச்சு முத்திரை, விற்பனை நிலையப் பட்டியல் முதலிய சிற்றெழுத்துகள் முழுமையாகப் படியெடுக்கப்பட வேண்டும். கணினிப் படிமமாக்கலில் பின்புறமும் இடம்பெற வேண்டும்.
உ) பேசுவோரும் கேட்போரும்: வெளியிட்ட குழு, நோக்கிய குழு, தன்மை, முன்னிலைச் சொற்கள் யாரைக் குறித்தன என்பது தெரிந்த அளவில்.
ஊ) இடத்தில் இருந்தவாறு காட்டும் புகைப்படம் உண்டாயின் அதன் குறிப்பு.

இவற்றுள் எதுவும் பொருட்செலவு மிக்கதன்று. பெரும்பாலானவற்றுக்கு ஒரு பென்சிலும் ஒரு நிமிடமும் போதும்.

8. முடிவுரை

உதிரி அச்சு, கூற்றின் எழுத்து வடிவம். அதன் பொருளில் ஒரு பகுதி அது நின்ற இடத்தையும் பொழுதையும் கேட்போரையும் சார்ந்தது. எதிர்ப்பண்பாட்டுத் தாள்களின் சேகரிப்பு, படத்தைக் காப்பதில் பெரும் வெற்றி கண்டது. கூற்றைக் காப்பதில் அதே அளவு வெற்றி பெறவில்லை. தூய படிக்கு விலை தரும் சந்தையும், ஓவியருக்கு முதலிடம் தரும் பட்டியலும் இதற்குக் காரணங்கள். தாமசனின் கைக்குறிப்பும், பாரிஸ் ஆவணத் தொகுப்பும், ஓக்லாந்து சன்னலின் புகைப்படமும் வேறு வழி உண்டு என்பதைக் காட்டுகின்றன.

இதில் காலத்தாழ்வுக்கு இடமில்லை. 1967இல் இருபது வயதினராக ஹெய்ட் தெருவில் நின்று ஒரு தாளைக் கையில் வாங்கியவர்கள் இன்று எண்பதை நெருங்குகின்றனர். எந்தத் தாள் எந்தக் கம்பத்தில் இருந்தது, யார் கொடுத்தது, அதைப் படித்துவிட்டு என்ன செய்தனர் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. தாள்கள் குளிரூட்டிய பேழைகளில் இன்னும் நூறாண்டு இருக்கும். அவற்றின் 'இங்கே', 'இன்று', 'நாம்' ஆகியவற்றுக்குப் பொருள் சொல்வோர் அத்துணைக் காலம் இரார். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதே இத்துறையினர் முன்னுள்ள முதற்பணி.